நீயும் நீங்களும்

இந்த வருசம் மழை ஐப்பசி கடைசியிலதான் தொட்டுச்சு. வெதச்ச உளுந்தும் பாசியும் மொளைச்சு ரெண்டு எலை விட்டதும், கூடவே கோரையும் சாரணையும் தலையத் தூக்கிருச்சு. மானாவாரிக் கரிசல்ல களையெடுக்கக் கெடைக்கிற நாள் ரொம்பக் கொஞ்சம். ஈரம் இருந்தா காட்டுக்குள்ள கால் வைக்க முடியாது, மண்ணு அப்பிக்கிட்டுக் காலே கனத்துப் போகும். காஞ்சுட்டா மண்ணு வெடிச்சு களைக்கொத்து எறங்காது. நடுவுல ஒரு வாரம், பத்து நாள். அதுக்குள்ள எல்லாச் சம்சாரிக்கும் ஆள் வேணும். (எங்க பக்கம் சம்சாரின்னா விவசாயி. நீங்க நெனைக்கிற குடும்பஸ்தன் இல்ல.)

அந்தப் பத்து நாளும் எங்க ஊர்ல மரியாதை பொங்கி வழியும். "மதினி, நாளைக்கு நம்ம காட்டுக்கு வந்துருங்க." "ஆச்சி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி விட்டுருதேன், வாங்க." பத்து மணிக்கு வடை, காப்பி வேற. முப்பது வருசத்துக்கு முந்தி இதே தெருவுல நான் கேட்ட பேச்சு வேற. மீசை மொளைக்காத பையன் பேரன் பேத்தி எடுத்த பொம்பளையப் பேர் சொல்லி, "ஏளா, விடியக்காலம் வந்துரு"ன்னு சொல்லிட்டு நிக்காமப் போவான். அந்தம்மா அவன் முதுகப் பாத்து, "சரி மொதலாளி"ன்னு சொல்லும்.

என்ன மாறிச்சு? காலைல ஏழரை மணிக்கு ஊர் முக்குல வந்து நிக்கிற தீப்பெட்டி ஆபீஸ் வேன்தான் முதல் காரணம். கோவில்பட்டி தீப்பெட்டிக்குப் பேர்போன ஊருங்கிறது உங்களுக்கும் தெரியும். வேன்ல ஏறுனா நிழல்ல உக்காந்து வேலை, வாரத்துக்கு ஒருக்கா கூலி. அப்புறம் மில்லு வேன். 2006க்குப் பின்னாடி நூறு நாள் வேலை. காட்டு வேலைக்கு ஆள் கெடைக்காமப் போனதும் சம்சாரி வாயில 'வாங்க' தானா வந்துருச்சு. எத்தனையோ வருசமா எங்க கோயில்ல பிரசங்கம் பண்ணி வராதத ஒரு வேன் கொண்டு வந்துருச்சேன்னு சில நேரம் எனக்குச் சிரிப்பா வரும். குறைச்சுச் சொல்லல. எதனால வந்தாலும் வந்த மரியாதை நல்லதுதான். ஆனா அது உளுந்து புடுங்குற வரைக்கும்தான் நிக்கும். தை பொறந்து காடு காலியானதும் அதே மதினி மறுபடி 'ஏளா' ஆயிருவாக.

நான் கிறிஸ்தவன். எங்க குடும்பம் அஞ்சு தலைமுறையா சிஎஸ்ஐ சபை. அதனால இந்தப் பேச்சு விசயம் எனக்கு வெறும் நாகரிக விசயமாத் தெரியல. வருசத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது எங்க கோயில்ல நாவைப் பத்திப் பிரசங்கம் நடக்கும். வசனம் எப்பவும் யாக்கோபு நிருபம், மூணாம் அதிகாரம். குதிரை வாயில போடுற கடிவாளம், கப்பலத் திருப்புற சின்னச் சுக்கான், பெரிய காட்டையே கொளுத்திப்புடுற சின்ன நெருப்பு, நாக்கும் அந்த மாதிரிதான்னு யாக்கோபு சொல்லுதாரு. எங்க ஐயருமாருக்கு இது வசதி. தீக்குச்சி உதாரணத்தோட ஆரம்பிச்சுருவாக. (எங்க பக்கத்துச் சபைகள்ல குருவானவர ஐயர்னுதான் சொல்லுவோம்.) ஆள் இல்லாத எடத்துல ஆளப் பேசாதீங்க, வீட்டுக்காரம்மாகிட்ட எரிஞ்சு விழாதீங்க, பிள்ளைகளச் சபிக்காதீங்க. எல்லாம் சரியான பேச்சுதான். எல்லாரும் தலையாட்டுவோம். வெளிய வந்து படிக்கட்டுல நின்னு ஒருத்தருக்கொருத்தர் "தோத்திரம் அண்ணாச்சி", "தோத்திரம் பெரியம்மா"ன்னு சொல்லிக்குவோம்.

அந்தப் படிக்கட்டுக்குக் கீழ, செருப்புகளுக்குப் பக்கத்துல, கோயில் குட்டியார் நின்னுக்கிட்டிருப்பாரு. மணியடிக்கிறது, கோயிலக் கூட்டுறது, பாய் விரிக்கிறது எல்லாம் அவருதான். எழுபத்தஞ்சு வயசுக்கு மேல இருக்கும். அவரும் ஞானஸ்நானம் எடுத்தவரு, அதே அப்பத்தையும் ரசத்தையும் வாங்குறவரு. ஆனா அவரு குடும்பம் இருக்கிறது கடைசித் தெருவுல. ரொம்ப காலமா அவருக்கு "தோத்திரம் அண்ணாச்சி" கெடையாது. "ஏய், அந்த வேன் சாவி உள்ள கெடக்கு, எடுத்துட்டு வா"தான்.

யாக்கோபு நிருபத்துல மூணாம் அதிகாரத்துக்கு முன்னாடி ரெண்டாம் அதிகாரம்னு ஒண்ணு இருக்கு. அதப் பத்திப் பிரசங்கம் நான் விவரம் தெரிஞ்ச நாளா ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கேன்.

நான் பதினாலு பதினஞ்சு வயசுல இருக்கும்போது எங்க ஊருக்கு ஒரு உபதேசியார் வந்தாரு. தெக்க, தேரிக்காட்டுப் பக்கத்து ஆளு. ஐயர் மாசத்துக்கு ஒருக்கா நற்கருணைக்கு வருவாரு. மத்த ஞாயிறெல்லாம் உபதேசியார்தான் ஆராதனை நடத்தணும். குள்ளமான மனுசன், பழைய சைக்கிள், கணீர்னு குரல் எல்லாம் கெடையாது. அவருகிட்ட ஒரு விநோதம் இருந்துச்சு. எல்லாரையும் 'நீங்க'ம்பாரு. ஞாயிறு பள்ளிக்கூடத்துல அஞ்சு வயசுப் பிள்ளையப் பாத்தும் "நீங்க சொல்லுங்க பாப்போம்"பாரு. நாங்க ஆரம்பத்துல வாயப் பொத்திச் சிரிச்சோம். சிரிப்பு அடங்குனப்புறம் ஒண்ணு நடந்துச்சு: 'நீங்க'ன்னு கேட்டா பதில் தெரியாம முழிக்கக் கூச்சமா இருந்துச்சு. வசனம் படிச்சுட்டுப் போக ஆரம்பிச்சோம்.

சின்னப் பிள்ளைகளோட நின்னிருந்தா யாரும் கண்டுக்கிட்டிருக்க மாட்டாக. அவரு கோயில் குட்டியாரையும் "அண்ணாச்சி"ன்னாரு. எல்லாரும் நிக்கும்போதே, சத்தமா. சபைல பெரியவுக ரெண்டு பேரு போய்த் தன்மையாத்தான் கேட்டாக. "உபதேசியாரே, அவர நீங்க அண்ணாச்சின்னா, எங்கள என்னன்னு கூப்பிடுவீரு?" அவரு, "உங்களையும் அண்ணாச்சின்னுதான ஐயா கூப்பிடுதேன்"னாரு. அவருக்கு அது பதில். கேட்டவுகளுக்கு அதுதான் பிரச்சினையே.

அடுத்த மாசமோ அதுக்கு அடுத்த மாசமோ, ஒரு ஞாயித்துக்கிழமை யாக்கோபு ரெண்டாம் அதிகாரத்த வாசிச்சாரு. சபைக் கூட்டத்துக்குள்ள தங்க மோதிரம் போட்ட ஒருத்தனும், அழுக்குத் துணியோட ஒரு ஏழையும் வாராக. மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்கு நிக்கிற இடம் இல்லாட்டி கால்மாட்டுல இடம். இப்படிப் பண்ணுனா நீங்க பட்சபாதம் பண்ணுதீகன்னு யாக்கோபு கண்டிக்காரு. உபதேசியார் விளக்கம் ஒண்ணும் பெருசாக் குடுக்கல. எங்க பழைய வேதாகமத்துல அந்த இடத்துல பணக்காரனுக்கு 'ஐயா'வும் 'நீர்'உம் போட்டிருக்கும், ஏழைக்கு 'நீ' போட்டிருக்கும். அந்த ரெண்டு சொல்லையும் மட்டும் அழுத்தி, ரெண்டு தடவை வாசிச்சாரு. மூல மொழியான கிரேக்கத்துல ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லுதான், இங்கிலீசுலயும் ரெண்டு பேருக்கும் 'யூ'தான். நம்ம தமிழ்ல மட்டும்தான் இந்த வித்தியாசம் எழுத்துலயே தெரியுதுன்னாரு. ஜெபம் பண்ணி முடிச்சுட்டாரு. அஞ்சு நிமிசம் இருக்கும்.

இதுல மொழிபெயர்ப்புக்காரகளக் குத்தம் சொல்ல முடியாது. சீகன்பால்கு தரங்கம்பாடில புதிய ஏற்பாட்ட அச்சுப் போட்டு முடிச்சது 1715ல. பின்னாடி பப்ரிசியஸ், எங்க பாளையங்கோட்டையில ஊழியம் பார்த்து 1838ல அங்கேயே இறந்துபோன ரேனியஸ்னு எத்தனையோ பேரு திருத்தித் திருத்தி எழுதுனாக. மோதிரம் போட்டவன் வந்தா நம்ம ஆளு எப்படிப் பேசுவான், கந்தல் கட்டுனவன் வந்தா எப்படிப் பேசுவான்னு அவுகளுக்குக் காது இருந்திருக்கு. யாக்கோபு திட்டுற பேச்ச அப்படியே நம்ம வாயிலருந்து எடுத்து எழுதி வச்சிருக்காக. அதுக்கப்புறம் அத வாசிக்கத்தான் ஆளில்ல.

அந்த அஞ்சு நிமிசத்துக்கு உபதேசியார் குடுத்த விலை பெருசு. அந்த வருசம் சங்கக் காணிக்கை கவர் பாதிக்கு மேல வெறுமையா வந்துச்சு. அசனத்துக்கு அரிசி தாரேன்னவுக தரல. ஒரு மனு எழுதுனாக. 'சபையின் ஒருமைப்பாட்டைக் குலைக்கிறார்'னு. எங்க அப்பாவும் அதுல கையெழுத்துப் போட்டவருதான். எங்க திண்ணையில வச்சுத்தான் எழுதுனாக, பேனா எடுத்துட்டு வரச் சொல்லி என்னையத்தான் அனுப்புனாக. மே மாசம் மாத்தல் வந்துருச்சு. மூணு வருசம் இருக்க வேண்டிய மனுசன் பத்து மாசத்துல, சைக்கிள பஸ் மேல ஏத்திக் கட்டிட்டு, வீட்டுக்காரம்மாவையும் ரெண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. போகும்போது எங்க அப்பாகிட்டயும் "வாரேன் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டுத்தான் போனாரு.

இன்சொல் பேசுறது செலவில்லாத புண்ணியம்னு சொல்லுவாக இல்லையா, அப்ப எனக்கு அது ஞாபகத்துக்கு வரும். செலவில்லாத எடத்துல பேசுறவரைக்கும்தான் அது செலவில்லாதது.

எங்க வீட்டுல ரெண்டு வேதாகமம் உண்டு. ஒண்ணு எங்க பழைய மொழிபெயர்ப்பு. இன்னொண்ணு என் வீட்டுக்காரி கல்யாணத்துக்குக் கொண்டு வந்த திருவிவிலியம். 1995ல வந்த பொது மொழிபெயர்ப்பு. அவ காமநாயக்கன்பட்டிப் பக்கம், ஆர்சி குடும்பம். கோவில்பட்டிக்குப் பக்கத்துல இருக்கிற அந்தப் பரலோக மாதா கோயிலுக்கு ஆகஸ்ட் 15 திருவிழாவுல கூட்டத்த நீங்க பாக்கணும். வீரமாமுனிவர் இருந்து பணி செஞ்ச ஊரு அது. ராத்திரி ஜெபத்துக்கு நான் ஒண்ணுல வாசிப்பேன், அவ இன்னொண்ணுல பாத்துக்கிட்டு வருவா. ஒருநாள் யோவான் நாலாம் அதிகாரம், சமாரியப் பொம்பளை கிணத்தடிக்கு வர்ற கதை. நடு மத்தியானம், இயேசு களைச்சுப் போய்க் கிணத்தோரம் உக்காந்திருக்காரு. யூதர்கள் ஒட்டு உறவு வச்சுக்கிடாத சாதி அந்தம்மா. அவருகிட்ட வாளி இல்ல, அந்தம்மாகிட்டத்தான் தண்ணி கேக்கணும்.

என் புத்தகத்துல இயேசு 'தா'ங்காரு. அவ புத்தகத்துல 'கொடும்'ங்காரு. என் புத்தகத்துல அந்தம்மா 'வந்தாள்', அவ புத்தகத்துல 'வந்தார்'. அவ நிமிந்து பாத்து, "உங்க இயேசு நம்ம ஊரு மொதலாளி மாதிரியில்ல கேக்காரு"ன்னா. நான் கொஞ்ச நேரம் வாயத் தொறக்கல. எட்டாம் அதிகாரத்தையும் பொரட்டிப் பாத்தோம். விபசாரத்துல பிடிபட்டதாச் சொல்லிக் கல்லெறியக் கூட்டிட்டு வந்த பொம்பளைகிட்ட, எல்லாரும் போனப்புறம் இயேசு பேசுற இடம். என் புத்தகத்துல 'ஸ்திரீயே'. அவ புத்தகத்துல 'அம்மா'.

பழைய மொழிபெயர்ப்பு மோசம்னு நான் சொல்ல வரல. எனக்கு மனப்பாடமா இருக்கிறதெல்லாம் அதுதான். சாவு வீட்டுல அதத்தான் வாசிக்கணும், புதுசு தொண்டையில நிக்காது. ஆனா கரிசக்காட்டுல கிணத்தடி எப்படிப்பட்ட எடம்னு தெரிஞ்சவனுக்கு அந்த 'தா'வுக்கும் 'கொடும்'முக்கும் நடுவுல எம்புட்டுத் தூரம்னு தெரியும். எங்க பக்கம் நெலத்தடித் தண்ணி முக்காவாசி உப்பு. குடிக்கிற தண்ணி எங்கயாவது ஒரு ஊரணியிலயோ, ஒண்ணு ரெண்டு கிணத்துலயோதான். அந்த ஒரு கிணத்துல யாரு எறங்கலாம், யாரு கொடத்தத் தள்ளி வச்சுட்டு, "சாமி, கொஞ்சம் ஊத்துங்க"ன்னு காத்துக் கெடக்கணும்னு பெரிய சட்டமே இருந்துச்சு. ஊத்துறவுக 'நீ'ம்பாக, வாங்குறவுக 'சாமி'ம்பாக. குழாய் வந்துதான் அந்தக் காத்துக் கெடப்பு கொறைஞ்சது.

எங்களுக்கு வடக்க, வத்திராயிருப்புப் பக்கத்துலருந்து பாமா அம்மா 1992ல 'கருக்கு' எழுதுனாக. உங்கள்ல நெறையப் பேரு வாசிச்சிருப்பீக. அவுக பாட்டி வேலை பாக்குற வீட்டுல நேத்துப் பொறந்த பையன் அந்தப் பாட்டியப் பேர் சொல்லிக் கூப்பிடுறதும், பாட்டி அந்தப் பையன 'அய்யா'ங்கிறதும் அதுல வருது. அவுக குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். அந்தப் புத்தகத்துல அவுக கோவத்துல பெரும்பங்கு கோயிலுக்கு உள்ள நடக்கிறதப் பாத்துத்தான். இது ஆர்சி, சிஎஸ்ஐன்னு பிரிச்சுப் பேசுற விசயமும் இல்ல. பணகுடிக்குப் பக்கத்துல வடக்கன்குளத்துல சாதிக்குச் சாதி தனியா உக்கார கோயிலுக்குள்ளயே சுவர் வச்சிருந்தாக. 1910ல அந்தச் சுவர இடிச்சாக, வழக்கு கோர்ட்டு வரைக்கும் போச்சு. சுவர இடிக்க ஒரு பாதிரியாரும் நாலு ஆளும் போதும். 'நீ'ய இடிக்க எந்தக் கடப்பாரை?

இங்க ஒரு நியாயத்தையும் சொல்லணும். 'நீ'ங்கிறது வசவு இல்ல. எங்க ஊர்ல பெத்த அம்மாவ 'நீ'ன்னுதான் கூப்பிடுவோம். கூட்டாளிய 'ஏலே'ன்னு கூப்பிடலைன்னா அவனுக்கு நம்ம மேல வருத்தம்னு அர்த்தம். "எங்க பாசை அப்படி, மனசுல ஒண்ணுமில்ல"ன்னு நெறையப் பேரு சொல்லுவாக. நான் அதுக்கு வச்சிருக்கிற அளவுகோல் ஒண்ணே ஒண்ணு: அந்த 'நீ' திரும்பி வரலாமா? என் கூட்டாளி என்னைய 'ஏலே'ங்கலாம். அம்மா என்னைய 'நீ'ங்கலாம். கோயில் குட்டியார் எங்க அப்பாவத் திருப்பி 'நீ'ன்னு கேட்டுட்டா? ஊரு ரெண்டாயிரும். ஒரு பக்கம் மட்டும் போயிட்டு வர்ற ரோட்டுக்குப் பாசம்னு பேர் வைக்க முடியாது. நீங்க இருக்கிற அடுக்குமாடியில வாட்ச்மேன எப்படிக் கூப்பிடுதீக, அவரு உங்களத் திருப்பி அப்படியே கூப்பிடலாமான்னு ஒருநாள் காது குடுத்துப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல.

இன்சொல்லப் பத்தி திருவள்ளுவர் ஒரு அதிகாரமே வச்சிருக்காரு, பத்தாவது. அத 1886ல இங்கிலீசுல கொண்டு போன ஜி.யு. போப் ஐயர் எங்க ஜில்லாவுல சாயர்புரத்துல பள்ளிக்கூடம் நடத்துனவரு. மாணவர்கள்கிட்ட ரொம்பக் கண்டிப்பான ஆளுன்னும் அவருக்குப் பேரு உண்டு. இனியவை கூறல மொழிபெயர்க்கும்போது என்ன நெனைச்சிருப்பாரோ, பாவம். பவுல் அப்போஸ்தலர் கொலோசெயருக்கு எழுதும்போது பேச்சுல இனிப்பு இருக்கணும்னு சொல்லல, உப்பு இருக்கணும்ங்காரு. கடலைமிட்டாய் ஊர்க்காரனான எனக்கே அதுதான் சரின்னு படுது. உபதேசியார் பேச்சுல இனிப்பே கெடையாது. சிரிச்சுப் பேசத் தெரியாது, கேட்ட கேள்விக்குப் பதில், அம்புட்டுத்தான். அந்த 'ங்க' மட்டும் யாருக்கும் கொறையாது, யாருக்கும் கூடாது.

எங்க அப்பாவுக்கு இப்ப எண்பது நெருங்குது. அவரப் பத்தி ஒண்ணு சொல்லுதேன். அவரு இன்னைக்கும் காட்டு வேலைக்கு வர்ற பொம்பளைகள 'ஏளா'தான். அது மாறல. ஆனா கோயில் குட்டியார்கிட்ட மட்டும் கொஞ்ச வருசமா அவரு பேச்சு வேற மாதிரி ஆயிருச்சு. "சாப்ட்டியா?"ன்னு கேக்குறதில்ல. "சாப்ட்டீகளா?"ன்னும் கேக்குறதில்ல. "சாப்ட்டாச்சா?"ங்காரு. "மணி அடிச்சாச்சா?" "உடம்புக்கு இப்பத் தேவலையா?" "எப்ப வந்தது?" தமிழ்ல இப்படி ஒரு சந்து இருக்கு பாத்தீகளா! 'நீ'யும் வராம 'நீங்க'வும் வராம ஒரு மனுசன்கிட்ட மணிக்கணக்காப் பேசலாம். முதல்ல எனக்கு இது பிடிபடவே இல்ல. ஒருநாள் ரெண்டு பேரும் கோயில் வேப்பமரத்தடியில உக்காந்து அரைமணி நேரம் பேசிக்கிட்டிருந்தாக, பருத்தி வெலை, படைப்புழு, யாரு யாரு செத்துப் போனது. நான் தள்ளி நின்னு கேட்டேன். அப்பா வாயிலருந்து ஒரு 'நீ' வரல. ஒரு வாக்கியம் 'நீ'க்குக் கிட்ட வரும், உடனே திரும்பி வேற வழியாப் போகும்.

இது வெறும் நழுவலா, அந்தத் திண்ணையில போட்ட கையெழுத்துக்கு அவரு கட்டிக்கிட்டிருக்கிற வட்டியான்னு எனக்குத் தெரியல. கேக்கவும் இல்ல. எண்பது வருசமா ஊறுன நாக்கு 'நீ'ய விட்டு நகந்து வந்திருக்கு, 'நீங்க'வுக்குப் போய்ச் சேரல.

என் மக எட்டாவது படிக்கா. அவ கோயில் குட்டியார "தாத்தா"ம்பா, "வாங்க போங்க"ம்பா. அவளுக்கு அதுல ஒண்ணும் விசேசம் கெடையாது. விசேசம் அந்தப் பக்கம்தான். அவரு அவளப் பாத்து, "சொல்லுங்கம்மா", "பாத்துப் போங்கம்மா"ங்காரு. பதிமூணு வயசுப் பிள்ளைய. போன மாசம் இவ கேட்டேபுட்டா: "தாத்தா, நான்தான சின்னவ, என்னைய நீன்னு சொல்லுங்க." அவரு சிரிச்சுக்கிட்டே, "சரிங்கம்மா"ன்னுட்டாரு.